மின்னூலுக்கு ஏன் இவ்வளவு நீண்ட வரிசை?

வெறும் கோப்புதானே, அமெரிக்க நூலகங்களில் மின்னூல் இரவல் வாங்க உதவும் லிப்பி செயலியில் ஏன் பதினான்கு வாரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் கோபப்பட வேண்டியது நூலகத்தின் மீதல்ல. பெரும்பாலான மின்னூல்களுக்கு நூலகம் உரிமம்தான் எடுக்க முடிகிறது. ஓர் உரிமத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம். 26 முறை இரவல் போனதும் உரிமம் காலாவதி என்று 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் விதித்தது. புது நூலுக்கு முதல் எட்டு வாரம் ஒரு நூலக அமைப்புக்கு ஒரே மின்பிரதிதான் என்று 2019 நவம்பரில் மேக்மில்லன் பதிப்பகம் கட்டுப்படுத்தியது. நூலகங்கள் கடுமையாக எதிர்த்தன, 2020 மார்ச்சில் மேக்மில்லன் அதைக் கைவிட்டது.

முன்பதிவை ரத்து செய்துவிடாதீர்கள். வரிசையின் நீளத்தைப் பார்த்துத்தான் பல நூலகங்கள் கூடுதல் உரிமம் எடுக்கின்றன. முறை வரும்போது நேரமில்லையென்றால் தள்ளிப்போடுங்கள், உங்கள் இடம் போகாது. அப்புறம், படித்து முடித்தால் தவணை வரை வைத்திருக்காமல் உடனே திருப்பிவிடுங்கள்.