“யாரிடமும் சொல்லாதீங்கண்ணா”

கேள்வி: டீச்சர், எனக்கு 24 வயது. நாசரேத் பக்கம் ஒரு கிராமத்துக் கிறிஸ்தவ சபையில் மூன்று வருஷமாக வாலிபர் ஐக்கியச் செயலாளர். வேலை தூத்துக்குடியில். சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வந்தால் ஞாயிறு முழுக்கக் கோயிலில்தான். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸ், லீவில் பிள்ளைகளுக்கு நடத்தும் வேதாகமப் பள்ளியான வி.பி.எஸ்., சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனப் பந்தி எல்லாம் என் தலையில். கணக்கு சரியில்லை என்று பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். போன வாரம் ப்ளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவன், வாழவே பிடிக்கவில்லை என்று நடுராத்திரியில் வாட்ஸ்அப்பில் எழுதினான். யாரிடமும் சொல்லாதீங்கண்ணா என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டான். எனக்குத் தூக்கம் போயிற்று. பொறுப்பை விட்டுவிடலாமா?

பதில்: ராஜினாமாவை அப்புறம் பார்க்கலாம் தம்பி. முதலில் அந்தப் பையன். அந்தச் சத்தியத்தை இன்றைக்கே உடைத்துவிடு, அதுவும் அவனுக்குத் தெரிந்தே. ‘இதை நான் ஒருத்தனே வச்சுக்க முடியாதுடா. அம்மாகிட்ட சொல்லவா, சித்தப்பாகிட்ட சொல்லவா?’ என்று கேள். ஆளை அவன் சொல்லட்டும். சொல்லாமல் விடுவது மட்டும் கிடையாது. சாகணும் என்ற நினைப்பு இன்னும் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. நிலைமை மோசம் என்று தோன்றினால் அவனைத் தனியே விடாதே. வீட்டாரை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. டெலி மானஸ் என்று அரசின் மனநல உதவி எண் இருக்கிறது: 14416. ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. அவனுக்காக நீயும் கூப்பிடலாம். ஜெபம் பண்ணு, டாக்டரிடமும் காட்டு. விசுவாசக் குறைச்சல் என்று யாராவது ஆரம்பித்தால் அவரைப் பையன் பக்கம் அண்ட விடாதே. எனக்கு அந்தப் பேச்சு ஆகவே ஆகாது.

இனி உன் விஷயம். கணக்கு என்றதும் எனக்கு 1986 டிசம்பர் ஞாபகம் வந்துவிட்டது. அப்போது நான் எங்கள் ஊர் ஐக்கியத்தில் பொருளாளர். கேரல் காணிக்கையை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன். ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது ஒரு பெரியவர் நாலு பேர் முன்னால், ‘பணம் பாட்டில்லதான் இருக்கா?’ என்றார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் தாத்தா ஒருவர் தேடி வந்தார். புத்தி சொல்லவில்லை. பாட்டிலைப் பாயில் கவிழ்த்து நாலணா, எட்டணா, ஒற்றை ரூபாய் என்று அடுக்கினார். பெட்ரோமாக்ஸ் மாண்டில், மண்ணெண்ணெய், சுக்குக்காப்பி என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். 11 ரூபாய் உதைத்தது. ‘உதைக்குதுன்னே எழுதும்மா’ என்று சொல்லி, கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். மறு ஞாயிறு அந்தத் தாளைக் கோயில் நோட்டீஸ் பலகையில் ஒட்டினோம்.

உனக்கு வேண்டியது அப்படி ஒரு ஆள். சபைப் போதகர் ஐயரிடம் போய், ‘ஐக்கியக் கணக்குல என்கூடக் கையெழுத்துப் போட ஒரு பெரியவரைக் கொடுங்க’ என்று கேள். குறை சொல்கிறவர்களிலேயே ஒருவர் வந்தால் இன்னும் நல்லது.

வேலையையும் பிரித்துக்கொடு. சில சபைகளில் எண்டவர் என்று ஒரு சங்கம் இருக்கும், பார்த்திருப்பாய். 1881-ல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் தன் சபைப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. ஜெபக்கூட்டத்துக்கு ஒரு குழு, புதிதாக வருகிறவர்களைக் கவனிக்க ஒரு குழு என்று அப்போதே பிரித்துத்தான் நடத்தினார்கள். கேரல் ரவுண்ட்ஸை இந்த வருஷம் காலேஜ் பிள்ளைகள் கையில் விடு. சொதப்புவார்கள்தான். ஒரு தெருவையே விட்டுவிட்டு வருவார்கள், அந்தத் தெருக்காரர்கள் பொங்கல் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். நீ நடுவில் போய் வாங்கிச் செய்யாதே. மாதத்தில் ஒரு ஞாயிறு கோயிலுக்கு வெறும் ஆளாகப் போ, பின் வரிசையில் உட்கார், முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கு.

இதெல்லாம் ஆறு மாதம் செய்து பார்த்தும் முடியவில்லையென்றால் தாராளமாக விலகிக்கொள், குற்ற உணர்ச்சி வேண்டாம். பையன் விஷயம் என்ன ஆயிற்று என்று மட்டும் எனக்கு இந்த வாரமே எழுது.