மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தா கடன் எல்லாம் போயிடுமா? கும்பகோணத்துல சின்ன கடை நடத்தி நஷ்டமாகி நிக்கிறேன், என்ன பண்றது?

தானா போயிடாது. மஞ்சள் நோட்டீஸ், ஐபின்னு சொல்றது எல்லாம் கடனைக் கட்ட முடியலன்னு கோர்ட்டுல திவால் மனு போடுறதுதான். ஆனா மேல பதில் போட்டவர் ஒருத்தர் "ஐபி கொடுக்கிறவன் எல்லாம் ஊரை ஏமாத்துறவன்"னு எழுதியிருக்கார், அதைப் படிச்சுட்டு சும்மா போக மனசு வரல. எங்க அப்பா ஐபி கொடுத்தவர்தான். யாரையும் ஏமாத்தல.

உங்க கடன் எவ்வளவு, யார்கிட்டன்னு நீங்க சொல்லல. பேங்க் கொஞ்சம், நகை அடகு கொஞ்சம், வட்டிக்காரர்கிட்ட ப்ரோநோட்டு, மச்சான் மாமன்கிட்ட கைமாத்துன்னு கலந்துதான் இருக்கும்னு எடுத்துக்கறேன், நம்ம பக்கம் கடைக்காரங்களுக்கு ஒரே இடத்துல கடன் இருந்து நான் பாத்ததில்ல. நான் வக்கீல் கிடையாது, செக்‌ஷன் நம்பர் கேட்டு கமென்ட்ல சண்டைக்கு வராதீங்க, எங்க வீட்ல நடந்ததையும் அப்போ வக்கீல் சொல்லித் தெரிஞ்சுகிட்டதையும்தான் சொல்றேன்.

அப்பா முத்துப்பேட்டை பக்கம் உரக்கடை வச்சிருந்தார். டெல்டாவுல உரக்கடைன்னா கடன்தான் வியாபாரமே, யூரியா டிஏபி மருந்து எல்லாம் நடவுக்கு எடுத்துட்டுப் போவாங்க, தை அறுவடைக்குப் பணம் வரும். அப்பா பாக்கி நோட்டுல பேருக்குப் பக்கத்துல "மூணு மா, வாய்க்கா மேக்க"ன்னு வயலையும் சேர்த்து எழுதி வச்சிருப்பார். 2016-17ல தண்ணி வராம சம்பா காஞ்சப்பவே பாதி பாக்கி நின்னு போச்சு, அதைத் தேத்திக்கலாம்னு இருந்தப்ப 2018 நவம்பர் 16 கஜா புயல் வந்துச்சு. தென்னை எல்லாம் வேரோட படுத்துருச்சு. புதுசா கன்னு வச்சா காய்ப்புக்கு வர எத்தனை வருஷம் ஆகும்னு உங்களுக்கே தெரியும், அந்த ஆளுங்ககிட்டப் போய் பாக்கி கேக்க அப்பாவுக்கு வாய் வரல. ஆனா டிஸ்ட்ரிபியூட்டர் கேட்டார், வட்டிக்காரர் வீட்டு வாசல்ல வந்து உக்காந்தார்.

அப்பதான் வக்கீல் ஐபி சொன்னார். நம்ம ஊர்ல இது 1920ஆம் வருஷத்து மாகாண திவால் சட்டப்படி சப் கோர்ட்டுல போடுறது. வாட்ஸப்ல சுத்துதே, 35,000 ரூபா வரைக்கும் கடன் தள்ளுபடின்னு, அது 2016ல வந்த புது திவால் சட்டத்துல இருக்கு, ஆனா அந்தப் பகுதியை அமலுக்கே கொண்டு வரல, தனி ஆளுங்க திவாலுக்கான மத்த விதிகளும் 2019 டிசம்பர்ல இருந்து கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ன தனி ஆளுங்களுக்கு மட்டும்தான் அமல். அதை நம்பி உக்காந்திருக்காதீங்க.

மனுவுல யார் யாருக்கு எவ்வளவு தரணும், நம்மகிட்ட என்ன சொத்து இருக்கு, கணக்கு நோட்டு எங்க இருக்கு, எல்லாம் எழுதணும். அப்பா டீக்கடை பாக்கியைக்கூட எழுதினார். வக்கீல் சிரிச்சுட்டு "இது எதுக்குங்க"ன்னார், "அவனும் கடன் கொடுத்தவன்தானே சார்"னுட்டார் அப்பா. சொந்தக்காரர் ஒருத்தர் முன்னாடியே வீட்டை அம்மா பேருக்கு மாத்திடச் சொன்னார், அப்பா ஒத்துக்கல. ஒத்துக்கிட்டிருந்தாலும் நின்னிருக்காது, ரெண்டு வருஷத்துக்குள்ள அப்படி மாத்தினதை கோர்ட் ரத்து பண்ணலாம், சொத்தை மறைச்சா ஜெயிலும் உண்டு.

திவால்னு கோர்ட் உத்தரவு போட்டதும் சொத்து கோர்ட் நியமிக்கிற ரிசீவர் கைக்குப் போயிடும், அவர் வித்து எல்லாருக்கும் விகிதப்படி பிரிச்சுக் கொடுப்பார். சமைக்கிற பாத்திரம், உடுத்துற துணி, படுக்கை, அம்மா தாலி இதெல்லாம் தொடக் கூடாது. அதுக்கப்புறம் கோர்ட் அனுமதி இல்லாம கடன்காரங்க புதுசா கேஸ் போட முடியாது, வட்டிக்காரர் வாசலுக்கு வர்றது அதோட நின்னுச்சு. அம்மா ராத்திரி தூங்க ஆரம்பிச்சது அப்புறம்தான். திவால் நிலையில இருந்து விடுதலை உத்தரவுக்குத் தனியா மனு போடணும், அது வர்ற வரைக்கும் திவால்னு சொல்லாம யார்கிட்டயும் அம்பது ரூபாகூட கடன் வாங்கக் கூடாது.

எது நிக்காதுன்னா, அடமானம் வச்ச பேங்க் நிக்காது. எங்க வீடு பேங்க்ல இருந்துச்சு, அறுபது நாள் நோட்டீஸ் வந்துச்சு, நானும் தம்பியும் ஓடி ஓடி மொத்தமா ஒரு தொகை கட்டி முடிக்கிற ஒன் டைம் செட்டில்மென்ட் பேசித்தான் மீட்டோம். செக் கேஸும் நிக்காது. டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட கையெழுத்து போட்டுக் கொடுத்த வெத்து செக்கை அவர் பேங்க்ல போட்டுட்டார், அது லோக் அதாலத்துல தவணை பேசி முடிஞ்சது. ஜாமீன் போட்டவரும் தப்பிக்க மாட்டார். எங்க பெரிய மாமா ஒரு நோட்டுக்கு ஜாமீன், அந்தப் பணத்தை அவர்தான் கட்டினார், அப்பா இன்னைக்கும் அவர் முகத்தை நேரா பாத்துப் பேச மாட்டார்.

கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், ஆனா இதைச் சொல்லாம முடியல. 2021 பிப்ரவரியில கூட்டுறவு பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடின்னு அறிவிச்சாங்க, நல்ல விஷயம், நான் குறை சொல்லல. ஆனா அப்பா நோட்டுல இருந்தவங்க முக்காவாசி கோயில் நிலத்துல குத்தகைக்குப் பயிர் வைக்கிறவங்க, சிட்டா அவங்க பேர்ல இல்ல, சொசைட்டியில கடன் கிடைக்கிறதே கஷ்டம், அப்புறம் தள்ளுபடி எங்க கிடைக்கும். அவங்களுக்கு பேங்க்கா இருந்தது எங்க அப்பா மாதிரி கடைக்காரங்கதான். அவங்க பாக்கியையும் யாரும் தள்ளுபடி பண்ணல, அப்பா கடனையும் பண்ணல, கடைசியில ஏமாத்துக்காரன்னு பேரு மட்டும் இவருக்கு.

நீங்க முதல்ல உங்க கடனை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதுங்க, எதுக்கு அடமானம், எதுக்கு செக், எதுக்கு யார் ஜாமீன்னு பக்கத்துலயே எழுதுங்க. அடமானமும் செக்கும்தான் பெரிசுன்னா ஐபியால பெரிசா பிரயோஜனம் இல்ல, செட்டில்மென்ட் பேசுங்க. கைமாத்தும் ப்ரோநோட்டும்தான் பெரிசுன்னா தாராளமா வக்கீலைப் பாருங்க. வட்டி மேல வட்டி போட்டு மிரட்டுறாங்கன்னா 2003 கந்துவட்டி தடைச் சட்டம் இருக்கு, போலீஸ்ல எழுதிக் கொடுங்க. வக்கீல் ஃபீஸுக்கு வழி இல்லன்னா கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் குழு ஆபீஸ் இருக்கும், கடை உங்க வீட்டம்மா பேர்ல இருந்தா அவங்களே போகட்டும், பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் கொடுப்பாங்க.