63 சதவீத போர்பன் தொண்டையை எரிக்கிறதே, இதை எப்படித்தான் ரசிக்கிறார்கள்? தண்ணீர் விட்டால் தப்பா?

தப்பே இல்லை. தாராளமாக விடுங்கள். பதில் இவ்வளவுதான். ஆனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய புண் வலித்தது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன்.

அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் எலைஜா க்ரெய்க் பேரல் ப்ரூஃப் பாட்டிலைப் பரிசாகக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். போர்பன் என்பது அமெரிக்க விஸ்கி, பேரல் ப்ரூஃப் என்றால் பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே தண்ணீர் கலக்காமல் பாட்டிலில் அடைத்தது. பிராந்தி குடித்த பழக்கத்தில் 60 மில்லி ஊற்றி ஒரே மடக்கில் இறக்கியிருப்பீர்கள். கண்ணில் தண்ணீர் வந்திருக்கும். பக்கத்தில் இருந்த யாரோ ஒருவர், இதையெல்லாம் தண்ணீர் விடாமல்தான் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சரக்குக்கே அவமானம் என்று சொல்லியிருப்பார். சரியா?

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். நான் மாதத்துக்கு இரண்டு முறை, தடவைக்கு 30 மில்லி ஆசாமி. 'குடி குடியைக் கெடுக்கும்' என்று கீழே வந்து எழுத நினைப்பவர்களுக்கு: அந்த வரியை நானும் படித்திருக்கிறேன், மறுக்கவும் இல்லை. கேள்வி கேட்டவரிடம் ஏற்கெனவே பாட்டில் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

நான் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் ஊரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். வந்த புதிதில் உடன் வேலை பார்ப்பவர் வீட்டு விருந்தில் இதே மாதிரி ஒன்றை ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தேன். இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன். "தண்ணீர் வேண்டுமென்றால் குழாயில் வருகிறதே, இதை எதற்கு வீணாக்குகிறாய்?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் இரண்டு வருடம் எங்கே போனாலும் தண்ணீர் கேட்காமல் நாக்கைச் சுட்டுக்கொண்டு, அவர்கள் சொல்வதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு இருந்தேன். கேரமல், தோல், புகையிலை. உண்மையில் என் மூக்குக்குக் கிடைத்தது ஊசி போடும் முன்பு கையில் தேய்ப்பார்களே, அந்த ஸ்பிரிட் வாசனை மட்டும்தான்.

அந்த வீம்பை உடைத்தவர் என் மாமனார்.

மூன்று வருடத்துக்கு முன்பு மாமாவும் அத்தையும் ஆறு மாதம் தங்க வந்தார்கள். மாமாவுக்கு விருதுநகரில் நாற்பது வருடப் பலசரக்கு மொத்த வியாபாரம். மல்லி, வத்தல், கிராம்பு, வெல்லம் எல்லாவற்றுக்கும் மூக்காலேயே விலை வைப்பவர். அவர் எப்போதாவது பிராந்தி சாப்பிடுவார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை அவரைப் பார்ட்ஸ்டவுனுக்குக் கூட்டிப் போனேன். வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். அங்கே போர்பன் பீப்பாய்களை ஊற வைக்கும் கிடங்குகளைச் சுற்றி மரம், சுவர், வேலி எல்லாம் கரி பூசினாற்போல் கறுத்துக் கிடக்கும்.

"என்ன மாப்ள, இங்க தீ கீ பிடிச்சுச்சா?"

அது பூஞ்சை. பீப்பாயிலிருந்து கசியும் ஆல்கஹால் ஆவியை உண்டு வளர்வது. ஆனால் தீயும் பிடித்திருக்கிறது, 1996 நவம்பரில். இதே எலைஜா க்ரெய்க் தயாரிக்கும் ஹெவன் ஹில் நிறுவனத்தின் ஏழு கிடங்குகள், சுமார் 90,000 பீப்பாய்கள், ஒரே நாளில் எரிந்து போயின. இதைச் சொன்னதும் மாமா கேட்ட முதல் கேள்வி: "இன்சூரன்ஸ் இருந்துச்சா?"

கிடங்குகள் பெரும்பாலும் ஏழு மாடி உயரம், ஏசி கிடையாது. கோடையில் மேல்மாடி அடுப்பு மாதிரி இருக்கும். சட்டப்படி போர்பன் என்றால் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்பக்கம் தீயில் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் ஊற வேண்டும், பீப்பாய்க்குள் போகும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. என்னிடமும் இதே எலைஜா க்ரெய்க் பேரல் ப்ரூஃப் ஒன்று இருந்தது, அந்தப் பாட்டிலில் பி520 என்று போட்டிருந்தது. 2020இன் இரண்டாவது வெளியீடு, மே மாதம் என்று அர்த்தம். உள்ளே இருப்பது 12 வருடச் சரக்கு, 127.2 ப்ரூஃப். அமெரிக்கக் கணக்கில் ப்ரூஃபைப் பாதியாக்கினால் சதவீதம், அதாவது 63.6. உள்ளே போனதைவிட வெளியே வந்தது எப்படி அதிகம்? மேல்மாடிச் சூட்டில் மரத்தின் வழியாக ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக வெளியேறிவிடுகிறது. சுமார் 200 லிட்டர் பீப்பாயில் வருடத்துக்கு 3 முதல் 5 சதவீதம் காற்றோடு போகிறது. இதை விளக்க நான் திணறிக்கொண்டிருந்தபோது மாமா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "வத்தல் காயப்போட்டா எடை குறையும், காரம் ஏறும். அதானே?"

அதேதான்.

அடுத்த வாரம் ஒரு நாள் மாலை, அத்தையும் என் மனைவியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். காரேஜில் இரண்டு மடக்கு நாற்காலியைப் போட்டு, பாட்டிலைத் திறந்தேன். வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸில் 30 மில்லி. கொஞ்ச நேரம் அப்படியே வைக்க வேண்டும், மூக்கை உள்ளே விடக் கூடாது என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"மாப்ள, மூட்டைக்குள்ள மூக்க விட்டு மோந்து பாக்குறவன் புது ஆளு."

கிளாஸிலிருந்து நாலு சொட்டை உள்ளங்கையில் விட்டார். இரண்டு கையையும் தேய்த்தார். அரை நிமிடம் சும்மா இருந்தார். பிறகு கைகளைக் குவித்து, வாயை லேசாகத் திறந்துவைத்துக்கொண்டு முகர்ந்தார். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இங்கே வடிசாலைக்காரர்களும் இதையே செய்வார்கள்: ஸ்பிரிட் பறந்துவிடும், மரமும் தானியமும் கையில் நிற்கும்.

"மரக்கடை," என்றார் முதலில். மறுபடி முகர்ந்தார். "கமர்கட்டு."

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. இரண்டு வருடம் கேரமல், கேரமல் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். கேரமலை நான் எங்கே தின்று வளர்ந்தேன்? கமர்கட்டைத்தான் பள்ளிக்கூட வாசலில் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு திரிந்தேன். ரசாயனப்படியும் அவர் சொன்னது கச்சிதம். ஓக் மரத்தைக் கருக்கும்போது அதிலுள்ள சர்க்கரைகள் வெந்து பாகு வாசனை தருகின்றன. மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் உடைந்து வெனிலா வாசனை வருகிறது. ஓக்கில் இருக்கும் லாக்டோன் என்ற பொருள் தேங்காய் மணம் தரும். வெல்லப்பாகும் தேங்காயும் சேர்ந்தால் வேறு என்ன?

மூன்றாவது தடவை முகர்ந்துவிட்டு, "கிராம்பு இருக்கு. ஆனா எண்ணெய் இறக்குன கிராம்பு," என்றார். எண்ணெயை எடுத்துவிட்டுச் சக்கைக் கிராம்பை நல்லதோடு கலந்து விற்பது பலசரக்குச் சந்தையில் பழைய தில்லுமுல்லு. கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினால் ஓக் மரத்திலும் கொஞ்சம் உண்டு. கொஞ்சம்தான். அவர் மூக்கு அந்தக் 'கொஞ்சத்தை'யும் பிடித்துவிட்டது.

அப்புறம் ஒரு மிடறு. மிடறுகூட இல்லை, உதடு நனைகிற அளவு. வெற்றிலைச் சாறு மாதிரி வாயில் அங்கும் இங்கும் ஒதுக்கி, மென்று, மெதுவாக விழுங்கினார். பிரபல போர்பன் தயாரிப்பாளர் ஜிம் பீமின் பேரன் புக்கர் நோ இப்படி மென்று சுவைப்பதற்குப் பேர்போனவர். இங்கே அதைக் கென்டக்கி மெல்லல் என்று பெருமையாகச் சொல்வார்கள். விழுங்கியதும் நெஞ்சில் சூடு இறங்கிப் பரவும். அதற்குக் கென்டக்கி அணைப்பு என்று பெயர். மாமா நெஞ்சைத் தடவிக்கொண்டு, "ஒரு ஸ்பூனும் தண்ணியும் எடுத்துட்டு வாங்க மாப்ள," என்றார்.

நான் தயங்கினேன். தண்ணீர் விடக் கூடாது என்பார்களே, மாமா.

"ரசப்பொடி நல்லாருக்குன்னு அப்படியே வாயில போட்டுக்குவாங்களா?"

அன்றைக்கு நாங்கள் செய்ததையே நீங்களும் செய்து பாருங்கள். 30 மில்லி ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் தொடாமல் வையுங்கள். சரக்கு பீப்பாயில் இருந்த வருடத்துக்கு ஒரு நிமிடம் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. கணக்கு விளையாட்டுதான், ஆனால் பொறுமை வருகிறது. கிளாஸை மோவாய்க்குக் கீழே பிடித்து முகருங்கள், மெல்ல மேலே கொண்டுவாருங்கள். முதல் வாய் வெறுமனே நாக்கைப் பழக்க, அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது வாய்க்குப் பிறகு ஒரு டீஸ்பூன் தண்ணீர், அதாவது 5 மில்லி. 63.6 சதவீதம் சுமார் 54.5 ஆகிவிடும். இன்னொரு டீஸ்பூன் விட்டால் 48க்குப் பக்கம். எனக்கு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கமர்கட்டு வருகிறது. உங்களுக்கு வேறு ஏதாவது வரலாம். லேசாகக் கலங்கினால் பயப்படாதீர்கள். குளிர்வித்து வடிகட்டாத சரக்கில் இருக்கும் கொழுப்பு சார்ந்த பொருட்கள் தண்ணீர் பட்டதும் கரையாமல் நிற்பதுதான் அது. ஐஸ் மட்டும் முதல் நாளே வேண்டாம், குளிர்ந்தால் வாசனை அடங்கிவிடும்.

"தண்ணீர் விட்டால் சுவை செத்துவிடும்" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு இரண்டு விஷயம். இதே எலைஜா க்ரெய்கின் சாதாரணப் பாட்டிலை நிறுவனமே தண்ணீர் சேர்த்து 47 சதவீதத்தில்தான் விற்கிறது. தொழிற்சாலையில் விட்டால் நுட்பம், நான் என் காரேஜில் விட்டால் குற்றமா? இன்னொன்று, 2017இல் ஸ்வீடனின் லினேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் விஸ்கியின் குவாயகால் என்ற மணப்பொருளைக் கணினியில் ஆராய்ந்தார்கள். 45 சதவீதம் வரையுள்ள கலவையில் அது மேற்பரப்பில் தங்குகிறது, 59ஐத் தாண்டினால் ஆல்கஹால் சூழ்ந்து உள்ளே அமுக்கிவிடுகிறது. ஒரே ஒரு பொருளை வைத்துச் செய்த கணினிக் கணக்குதான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் என் கட்சிக்கு அது போதும். பாட்டிலில் 'ஸ்மால் பேட்ச்', அதாவது கொஞ்சம் பீப்பாய்களை மட்டும் கலந்தது, என்று போட்டிருப்பதைப் பார்த்தும் மிரள வேண்டாம். எத்தனை பீப்பாய் என்று சட்டத்தில் எந்த அளவும் கிடையாது.

இரண்டாவது ரவுண்ட் கேட்டார் மாமா. ஊர் பிராந்தி 42.8 சதவீதம். அந்தக் குறைமாத எண் வெள்ளைக்காரன் காலத்து ப்ரூஃப் கணக்கில் 75 டிகிரி, அதிலேயே இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறோம். அதில் 45 மில்லியில் எவ்வளவு ஆல்கஹாலோ, இதில் 30 மில்லியிலேயே அவ்வளவு இருக்கிறது. இந்தக் கணக்கைச் சொன்னதும் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டார். வியாபாரிக்குக் கணக்குப் புரிந்தால் போதும். நீங்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இதில் 60 ஊற்றினால் நீங்கள் குடிப்பது ஊர் பிராந்தியில் 90, அதாவது ஒரு கட்டிங்.

உங்களுக்குப் பரிசு கொடுத்த நண்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊருக்கு வரும்போது ஆளுக்கு இரண்டு லிட்டர்தான் சுங்கத்தில் வரியில்லாமல் விடுவார்கள். ஆனால் டிக்கெட் போட்ட அன்றைக்கே எனக்கு ஏழெட்டுப் பேரிடமிருந்து மெசேஜ் வந்துவிடும். ஒருவருக்கு ஸ்காட்ச், ஒருவருக்கு முட்டிவலித் தைலம், ஒருவருக்கு ஐந்து கிலோ பாதாம். பாதாம்! என் துணிமணிக்கு இடமில்லாமல் போன தடவை இரண்டு சட்டையோடு மூன்று வாரம் ஓட்டினேன். போய்ச் சேர்ந்த பிறகு, "எனக்கு ஏன் சின்ன டப்பா?" என்று பெரியம்மா வீட்டில் வருத்தம், இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை. அந்தப் பாட்டிலுக்கு உங்கள் நண்பர் தன் பெட்டியில் எதை விட்டுவிட்டு வந்தாரோ தெரியாது. அதனால் கோலா மட்டும் கலக்காதீர்கள். கலந்தாலும் அவரிடம் சொல்லாதீர்கள்.

கடைசியாக, பாட்டிலை நிற்க வைத்தே வையுங்கள். இவ்வளவு வீரியமான சரக்கு கார்க்கில் பட்டுக்கொண்டே இருந்தால் கார்க் நைந்துவிடும். நான் அந்த பி520ஐ அலமாரிக்குள் ஒளித்து, படுக்கவைத்திருந்தேன். மாமா ஊருக்குப் புறப்படும் முந்தின ராத்திரி ஆசையாக எடுத்துத் திருகினால், கார்க் பாதியோடு முறிந்து உள்ளே விழுந்தது. வேறு எதுவும் கைக்கு அகப்படாமல் டீ வடிகட்டியில் வடித்துவிட்டுக் கழுவி வைத்தோம். நன்றாகத்தான் கழுவினோம். காலையில் முதல் டீயை வாயில் வைத்ததும் அத்தை தலை நிமிர்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மாமா பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.