நிலத்தை விற்று அந்தக் கல்லூரி சீட்டை வாங்காதீர்கள்

உங்கள் கடிதம் கிடைத்தது, ஐயா. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். வேதியியலில் நல்ல மதிப்பெண். விடுமுறை கிடைத்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் நின்று வாள் பிடிகளை வரைகிறாள். உங்கள் அண்ணனோ நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் சீட் பேசி முடித்துவிட்டார். நிலத்தை விற்றுப் பணம் கட்டலாமா என்று கேட்கிறீர்கள். கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகும் என்று எழுதலாம்தான். அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. விற்காதீர்கள்.

பெரியப்பா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் நான்கு வருடம் அந்த வகுப்பில் உட்காரப் போவது அவர் இல்லை. மனம் ஒட்டாத படிப்பில் அரியர் சேர்ந்தபின் நிலமும் திரும்பாது, வருடமும் திரும்பாது. பொறியியல், மருத்துவம், வங்கித் தேர்வு பற்றிச் சொல்ல உங்களைச் சுற்றி ஆள் இருக்கிறது. உங்கள் மகள் நின்று பார்க்கும் துறையைப் பற்றித்தான் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பழைய வாள், கட்டாரி எனும் குத்துவாள், துப்பாக்கிகளில் எது அசல், எது போலி, எந்தக் காலத்தது, என்ன பெறும் என்று ஆராய்ந்து சொல்லும் வேலை அது.

அவள் பார்க்கும் தஞ்சை அரண்மனைக் கட்டாரிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பிடியும் கைக்காப்பும் நம் ஊர் வேலை. பலவற்றில் அலகு, அதாவது வெட்டும் தகடு மட்டும் ஐரோப்பிய வாளிலிருந்து வெட்டி எடுத்து ஆணியால் தறைந்தது. தெரியாதவர் அதைப் பிற்கால ஒட்டுவேலை என்று ஒதுக்குவார். தெரிந்தவர் அது அந்தக் காலத்து வழக்கமே என்று காட்டி, தறையாணி பழையதா புதியதா என்று மட்டும் பார்ப்பார். ராஜஸ்தானின் பிகானீர் ஆயுதசாலையின் பழைய பொருள்களில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் இருக்கும். 1689இல் தக்காணத்தின் அதோனி கோட்டை வீழ்ந்தபோது அங்கிருந்த ஆயுதங்கள் பிகானீருக்குப் போயின. அந்தப் புள்ளிகளைப் படிக்கத் தெரிந்தால் ஒரு பொருள் பயணப்பட்ட வழியே தெரிந்துவிடும்.

துப்பாக்கியில் லாக் பிளேட் எனப்படும், சுடும் பொறியைத் தாங்கும் பக்கத் தகட்டைப் பார்ப்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை ஆரம்பத்தில் இதய வடிவில் இருந்தது. 1808 வாக்கில் அதன் இடத்தில் நிமிர்ந்து நிற்கும் சிங்கம் வந்தது. ஒரு தகட்டில் சிங்கமும் 1790 என்ற வருடமும் சேர்ந்திருந்தால் அங்கேயே சந்தேகம் எழ வேண்டும். அப்புறம் திருகாணியைக் கழற்றிப் பார்ப்பார்கள். கையால் அரம் போட்டுச் செய்த பழைய ஆணியின் மரை ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது. இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை உண்டு. குழலுக்குள் மரக்குச்சியை விட்டு ஆழத்தைக் குறித்து, அதே குச்சியைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். அளவு குறைந்தால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் கெட்டித்த வெடிமருந்தும் குண்டும் இன்னும் அப்படியே இருக்கலாம்; இன்றும் அது வெடிக்கலாம்.

வாளில் வேதியியல் வருகிறது. பழைய தென்னிந்திய உருக்கில் கரிமம் ஏறக்குறைய 1.5 சதவீதம். அலகில் ஓடும் அலை வரிகள் உலோகத்துக்குள்ளேயே இரும்பும் கரிமமும் சேர்ந்த கார்பைடு துகள்கள் வரிசை கட்டியதால் வந்தவை. இரண்டு வகை இரும்பை அடுக்கி அடித்து அமிலம் தடவினாலும் வரி வரும், ஆனால் அதன் போக்கு வேறு. இந்த வித்தியாசத்தைக் கண்ணுக்குப் பழக்கவே வருடங்கள் ஆகும். புலி வரி போட்டதெல்லாம் திப்புவுடையது என்று விற்கப் பார்ப்பவர்கள் உண்டு. 2023 மே மாதம் லண்டன் ஏலத்தில் திப்புவின் வாள் ஒன்று சுமார் 1.4 கோடி பவுண்டுக்குப் போனது. அழகு மட்டும் அந்த விலையைத் தரவில்லை. திப்பு வீழ்ந்த 1799 போருக்குப் பின் அது பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பேர்டின் கைக்கு வந்ததற்கான சான்று தொடர்ந்து இருந்தது. அதனால்தான் இந்தத் துறையில் கைமாறிய வரலாற்றுக்கு அவ்வளவு மதிப்பு. துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் பொருளின் மதிப்பு சரிந்துவிடும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட இவை தொல்பொருள். உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது. தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. பெண் பிள்ளைக்குக் கத்தி, துப்பாக்கி எதற்கு என்று அத்தைமார் கேட்டால், இது மேசையில் உருப்பெருக்கியோடும் நோட்டுப் புத்தகத்தோடும் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று சொல்லுங்கள்.

சரி, வழி என்ன? இதற்கென்று தனி இளங்கலைப் பட்டம் தேடாதீர்கள். அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் சேருங்கள். கூடவே பாரசீக எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும். வாள்களில் அது நிறைய வரும். முதுகலைக்கு பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியியல் இருக்கிறது. நொய்டாவின் இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹெரிட்டேஜில் பழம்பொருள் பாதுகாப்புப் படிப்பு இருக்கிறது. வெளிநாட்டுச் சான்றிதழுக்கு இப்போது ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள். கடனும் வேண்டாம்.

வேலை இடங்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். அருங்காட்சியகம், அரண்மனைச் சேகரிப்பு, ஏல நிறுவனம், காப்பீடு, இவ்வளவுதான். முதல் சில வருடம் வருமானம் சொற்பமாக இருக்கும். ஆனால் வேதியியல் பட்டம் கையில் இருப்பதால் ஆய்வகமும் ஆசிரியப் பணியும் திறந்தே இருக்கும். அவளிடம் ஒன்றை மட்டும் இப்போதே கண்டிப்பாகச் சொல்லுங்கள்: மதிப்பிடும் பொருளைத் தானே வாங்கக் கூடாது, மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கூலியும் பேசக் கூடாது.

விருப்பம் நிலைக்குமா என்று சந்தேகம் இருந்தால், கல்லூரி திறக்கும்வரை அருங்காட்சியகக் கூடத்தில் உள்ள ஒரே ஒரு கட்டாரியைத் தேர்ந்து அளவு, தறையாணி, தேய்மானம், அலகின் குறிகள் எல்லாவற்றையும் அவளை எழுதச் சொல்லுங்கள். பாதியில் சலித்தால் வேறு பேசுவோம். எழுதி முடித்தால் அந்த நோட்டோடு இருவரும் வாருங்கள். அண்ணனிடம் நிலம் பற்றிய பேச்சை நாளைக்கே நிறுத்திவிடுங்கள்.