ரெஃப் போட்டால் தீருமா?

வணக்கம் ஐயா,
ஜாவாவில் ஆப்ஜெக்ட் எல்லாம் பாஸ் பை ரெஃபரன்ஸ் என்றுதான் படித்தேன். ஒரு மெத்தடுக்கு லிஸ்ட் அனுப்பினேன். உள்ளே ஆட் செய்தது வெளியே தெரிகிறது. புது லிஸ்டை அசைன் செய்தால் வெளியே தெரியவில்லை. ஏன்? சி ஷார்ப்பில் எல்லாவற்றுக்கும் ரெஃப் போட்டால் குழப்பம் தீருமா? வேகமும் கூடுமா?
எஸ்.

அன்புள்ள எஸ்,

வேகம் கூடாது. 64 பிட் சி ஷார்ப்பில் ஒரு கிளாஸ் ரெஃபரன்ஸ், அதாவது ஆப்ஜெக்ட் இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு, 8 பைட். அதைக் காப்பி செய்யாமல் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள்? முழுசாகக் காப்பி ஆகும் பெரிய ஸ்ட்ரக்ட் என்றால் பேசலாம்.

குழம்பியதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை, படித்த வாக்கியமே பிழை. ஜாவாவில் பாஸ் பை ரெஃபரன்ஸே கிடையாது. ரெஃபரன்ஸை அனுப்புவது வேறு, ரெஃபரன்ஸாக அனுப்புவது வேறு. தமிழில் ‘ஐ’ போய் ‘ஆக’ வருகிறது, அவ்வளவுதான், புரோகிராமில் தலைகீழாகிவிடுகிறது. இரண்டாவதில் அழைத்தவரின் வேரியபிளே போகும்; ஜாவா செய்வது முதலாவதை, ரெஃபரன்ஸின் காப்பியை அனுப்புவதை. 1970களில் பார்பரா லிஸ்கோவ் குழு உருவாக்கிய சி.எல்.யூ. மொழியில் இதற்கு ‘கால் பை ஷேரிங்’ என்றே தனிப்பெயர் இருந்தது. அந்தப் பெயர் நிலைத்திருந்தால் நீங்கள் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள்.

வெளியே இருக்கும் வேரியபிள் ‘பட்டியல்’, மெத்தடின் பாராமீட்டர் ‘உள்’ என்று வையுங்கள். அழைத்ததும் வேரியபிள் இரண்டு, லிஸ்ட் ஒன்று. ‘உள்’ வழியாக ஆட் செய்தால் அந்த ஒரே லிஸ்டில் சேர்கிறது. ‘உள்’ளுக்குப் புது லிஸ்டை அசைன் செய்தால் ‘உள்’ மட்டும் வேறு பக்கம் திரும்புகிறது. ‘பட்டியல்’ நின்ற இடத்திலேயே நிற்கிறது. மெத்தட் முடிந்ததும் புது லிஸ்ட் கார்பேஜ் கலெக்டருக்கு.

சந்தேகம் வந்தால் ஸ்வாப் எழுதிப் பாருங்கள். இரண்டு பாராமீட்டர்களை இடம் மாற்றினால் அழைத்தவரின் வேரியபிள்களும் மாறுகின்றனவா? ஜாவாவில் மாறாது. சி ஷார்ப்பில் ரெஃப் போட்டால் மாறும், சி பிளஸ் பிளஸ்ஸில் ஆம்பர்சாண்ட் போட்டால் மாறும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் ரெஃபா? வீடு முழுக்கச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவைப்பீர்களா? ப்ராப்பர்ட்டியை ரெஃபில் அனுப்ப கம்பைலர் விடாது. அசிங்க் மெத்தட் ரெஃப் பாராமீட்டரை ஏற்காது. டைப் அச்சாகப் பொருந்த வேண்டும்: ரெஃப் ஆப்ஜெக்ட் கேட்கும் இடத்தில் ஸ்ட்ரிங் வேரியபிளைக் கொடுக்க முடியாது. விஷுவல் பேசிக் 6இல் எதுவும் எழுதாவிட்டால் பைரெஃப்தான், ரெஃப் போட்ட மாதிரி. லூப் கவுன்ட்டரை அனுப்பினால், உள்ளே யாரோ அதைக் கூட்டிவைக்க, லூப் நடுவில் தாவும். விஷுவல் பேசிக் டாட் நெட் வந்தபோது இயல்பை பைவேல், அதாவது காப்பியை அனுப்புவது, என்று மாற்றினார்கள். அவர்கள் கழற்றிப் போட்டதை நீங்கள் கையால் எழுதி மாட்டப் பார்க்கிறீர்கள்.

உங்கள் மெத்தடில், எதையும் திருப்பித் தராது என்று சொல்லும் வாய்டை எடுத்துவிட்டுப் புது லிஸ்டை ரிட்டர்ன் செய்யுங்கள். அழைக்கும் இடத்தில் அதை ‘பட்டியல்’ வாங்கிக்கொள்ளட்டும்.