அண்ணனை ஏன் பிளாக் செய்தீர்கள்?

வணக்கம் ஐயா,

முகநூலில் என் கருத்தோடு ஒத்துப்போகாதவர்களை ஒவ்வொருவராக நீக்கிவிட்டேன். கடைசியாக அண்ணனையும் பிளாக் செய்தேன். எதற்கெடுத்தாலும் மறுப்பார், சொல்வதும் பெரும்பாலும் தப்பாக இருக்கும். இப்போது நிம்மதியாக இருக்கிறது. ஆனால் இது ஆபத்து என்கிறார் ஒரு நண்பர். என்ன ஆபத்து? பேசாமல் சமூக ஊடகத்தை விட்டே விலகிவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

விலகுவதும் இருப்பதும் உங்கள் விருப்பம். வசைபாடுகிறவர்களை, மிரட்டுகிறவர்களை நீக்கினீர்கள் என்றால் சரி, அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் அண்ணனை ஒரே வரியில் கடந்துபோகிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

நானும் இதைச் செய்தவன். என் கட்டுரைகளில் தப்பான இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பித் தரும் நண்பர் ஒருவர். அரசியலில் எனக்கு நேர் எதிர். ஒரு வாக்குவாதத்துக்குப் பிறகு அவரை பிளாக் செய்தேன். அப்புறம் ஒருநாள், தடியடிப் படம் ஒன்றை 'நேற்று நடந்தது' என்று எழுதிப் பகிர்ந்தேன். முந்நூறு லைக். எல்லாரும் நம் ஆட்கள், எல்லாருக்கும் ரத்தம் கொதித்தது. படம் பல வருடம் பழையது. எட்டு மாதம் அந்தப் பதிவு அப்படியே கிடந்தது, ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அண்ணன் சொல்வது தப்பு என்கிறீர்கள். இருக்கட்டுமே! சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு இந்த மூன்றில் எது என்று கேட்பார். அறையில் ஒருவரைத் தவிர எல்லாரும் அவருடைய ஆட்கள். சொல்லிவைத்தாற்போல் தப்பான கோட்டைக் காட்டுவார்கள். சரியானது கண்ணெதிரே தெரிந்தும், சோதனைக்கு வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னால் போதும், இந்தத் தலையாட்டல் வெகுவாகக் குறைந்தது. இதில் கவனியுங்கள், அந்த ஒருவர் சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவர் இன்னொரு தப்பான கோட்டைக் காட்டியபோதும், வந்தவருக்குத் தன் கண்ணை நம்பும் துணிச்சல் வந்தது.

புரிகிறதா? அண்ணன் சொல்வது சரியா தப்பா என்பதே இங்கே பேச்சில்லை. அவர் 'இல்லை' என்று சொல்லிவிட்டால், உங்கள் கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்கும் ஒருவர் தான் கண்டதைச் சொல்வார். அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். ஏற்கெனவே முகநூல் நீங்கள் விரும்புவதையே முன்னால் கொண்டுவந்து வைக்கிறது, மறுப்பவர் தானாகக் கீழே போய்விடுகிறார். மிச்சம் இருந்தவரையும் நீங்களே வெட்டிவிட்டீர்கள்.

உங்கள் களைப்பு எனக்குத் தெரியாததல்ல. அண்ணனோடு தினமும் மல்லுக்கட்டச் சொல்லவில்லை. பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அவர் எழுதுவதை வாசியுங்கள்.

நண்பரை நான் திரும்பச் சேர்த்தபோது, ஏன் நீக்கினாய் என்று அவர் கேட்கவே இல்லை. அந்தப் பழைய படத்தைத்தான் அனுப்பினார். ஓரத்தில் நின்றவர் கையில் பொத்தான் வைத்த பழைய போன். அதைச் சுற்றி ஒரு வட்டம்.