பங்கு கைமாறிவிட்டது, பாகப்பிரிவினை வழக்கை நீங்கள் போடாதீர்கள்

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஐயா கட்டிய வீடு, தெருவுக்குத் தெரு நீளம். நாங்கள் நான்கு பங்காளிகள். 1962இல் எங்களுக்குள் எழுதிக்கொண்ட கைச்சீட்டின்படி வளவில் (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) அவரவர் அறை அவரவருக்கு. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் கூடுகிறோம். போன வருடம் சினிமா படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட்டோம். இப்போது சித்தப்பா மகன் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் கால் பங்கை, விடுதி நடத்தும் வெளியூர்க்காரருக்குக் கிரயம் செய்துவிட்டான். மூன்று வாரமாக, வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டில் குளியலறை கட்டுகிறார்கள். தேக்குக் கதவு ஒன்றைக் காணவில்லை. தெருவில் ஏற்கெனவே மூன்று வீடுகள் விடுதியாகி, கார் நிறுத்த இடமில்லை. காவல் நிலையத்தில் மனு கொடுத்தேன்; நகலை இணைத்திருக்கிறேன். யுனெஸ்கோ பட்டியலைக் காட்டித் தடுக்க முடியுமா? உடனே பாகப்பிரிவினை வழக்குப் போடட்டுமா?

பதில்: கூட்டுப் பங்குதாரர் தன் பங்கை விற்க உங்களைக் கேட்க வேண்டியதில்லை. தம்பி முறை செய்த துரோகம் குடும்பத்தில் பேச வேண்டியது. தெருவில் கார் நிற்பதைப் பேரூராட்சியில் சொல்லுங்கள். செட்டிநாடு 2014இல் சேர்ந்தது யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில்தான், அதாவது உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கு முந்தைய பட்டியலில். அதைக் காட்டி உங்கள் வீட்டில் ஒரு செங்கல்லைக்கூடத் தடுக்க முடியாது. விடுதி வருவது ஊருக்கு நல்லதா கெட்டதா என்பதும் நீதிமன்றத்தின் கவலை இல்லை.

சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு விடை: அந்த வீடு பாகம் பிரிக்கப்பட்டுவிட்டதா, இல்லையா?

பிரிக்கப்படாத குடும்பக் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், அவருக்குப் பங்கு கிடைக்கும். உள்ளே வந்து உங்களோடு கூட்டாக அனுபவிக்கும் உரிமை கிடைக்காது. சொத்து மாற்றுச் சட்டம் 44ஆம் பிரிவின் இரண்டாம் பத்தி இதைத்தான் சொல்கிறது. இப்படி வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டவர்களை, வழக்கு முடியும்வரை காத்திராமல் இடைக்கால உத்தரவிலேயே வெளியேற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 1990இல் சொல்லியிருக்கிறது. ஆகவே உங்களிடம் இருப்பது நல்ல வழக்கு. அதைக் கெடுத்துக்கொண்டிருப்பவர் நீங்கள்தான்.

மனு நகலின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். "மேற்படி வீடு 1962லேயே பாகம் பிரிக்கப்பட்டு, என் பாகத்துக்கு வந்த வடபுறம் இரண்டு அறைகள் நீங்கலாக..." என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைப்பார். வீடு பிரிந்தாகிவிட்டது என்றால் 44ஆம் பிரிவு உங்களைவிட்டுப் போய்விடும். உண்மையில் நடந்தது என்ன? யார் எங்கே பெட்டியை வைத்துப் பூட்டுவது, யார் வீட்டுக் கல்யாணச் சாமான் எங்கே இருப்பது என்ற வசதிக்காகச் செய்த ஏற்பாடு. முகப்பும் வளவு முற்றமும் சாமி அறையும் கிணறும் இன்றுவரை பொது. இதை அளந்து எல்லை போட்ட பாகம் என்று எந்த ஆச்சியும் சொல்லமாட்டார். கைச்சீட்டு பதிவாகவில்லை, அது உங்களுக்கு ஆறுதல். ஆனால் "வாய்மொழியாக முன்பே பாகமாகிவிட்டது, சீட்டு அதைக் குறித்துவைத்தது மட்டுமே" என்று வாதிட வழி இருக்கிறது. அதற்கு முதல் சாட்சியாக நீங்கள் நிற்காதீர்கள். இனி எந்த அலுவலகத்திலும் "என் பாகம்" என்ற சொல்லை எழுத வேண்டாம்.

படப்பிடிப்பு வாடகை விஷயம் சின்னக் குத்தல். யாரும் நிரந்தரமாகக் குடியிருக்கவில்லை என்பதால் மட்டும் அது குடியிருப்பு வீடு இல்லை என்று ஆகிவிடாது. படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திரும்பி வருகிறீர்கள். வணிகக் கட்டடம் என்று அவர்கள் சொல்லும்படி மறுபடியும் ஒரு ரசீது கொடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் துடித்துக்கொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கு. இங்கேதான் என்னிடம் வருகிறவர்கள் தொடர்ந்து விழுகிறார்கள். 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் 4ஆம் பிரிவின்படி, பங்கை வாங்கிய வெளியாள் பாகம் கேட்டு நீதிமன்றம் வந்தால், அவர் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை குடும்பத்தாருக்கு உண்டு. கவனியுங்கள்: அவர் பாகம் கேட்க வேண்டும். நீங்கள் கேட்டால் இந்த உரிமை எழாது. அவருடைய வழக்கறிஞருக்கு இது தெரியும். ஆகவே அவர் வழக்குப் போடமாட்டார். குளியலறை கட்டுவார், கதவைக் கழற்றுவார், உங்களைக் கோபப்படுத்தி நீங்களே போடும்படி செய்வார்.

போட்டால் என்ன ஆகும்? என்னிடம் வழக்கு கொடுத்த தேவகோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கு, நீதிமன்றம் அளக்க அனுப்பிய ஆணையரோடு நான் போயிருக்கிறேன். டேப்பின் ஒரு நுனியைக் குமாஸ்தா பிடித்துக்கொள்ள, வானம் தெரியும் முற்றத்தை ஏழால் வகுக்கப் பார்த்தார் ஆணையர். ஒருவருக்கு ஏறக்குறைய இரண்டரைத் தூண் வந்தது. "பிரிக்க இயலாது" என்று அறிக்கை எழுதினார். பிறகு ஏலம்தான். முதல்நிலைத் தீர்ப்புக்கும் ஏலத்துக்கும் இடையே போன வருடங்களில் ஓடு சரிந்து, மழைநீர் இறங்கி, வெள்ளைக் கலவைப் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. ரிப்பேர் செலவை யார் போடுவது என்று ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏலத்தில் எடுத்தவர் தூண்களை எங்கே விற்றார் என்று அறிய வேண்டுமானால் காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்து பாருங்கள்.

இன்னொன்று. "என்னை உள்ளே விடவில்லை" என்று கோபத்தில் வழக்குரையில் எழுதினால், கூட்டு அனுபவத்தில் இருப்பவர் கட்டும் நிலையான நீதிமன்றக் கட்டணம் போய், பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்ட வேண்டிவரும். கோபத்துக்கு அது அதிக விலை.

ஆகவே தடையுத்தரவு வழக்கு மட்டும் போடுங்கள், 44ஆம் பிரிவின்கீழ், இந்த வாரமே. மூன்று வாரம் என்பது தாங்கும். மூன்று வருடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தால் சம்மதித்தீர்கள் என்பார்கள். கதவுகள், தூண்கள், பெல்ஜியம் கண்ணாடி ஒவ்வொன்றையும் படமெடுத்துப் பட்டியலாக வழக்கோடு சேருங்கள். அவர் பதிலுக்குப் பாகம் கேட்டால், கேட்கட்டும், 4ஆம் பிரிவு உங்கள் கைக்கு வரும்.

ஆனால் அந்த வழக்கையும் கடைசிவரை நடத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தடையுத்தரவு கிடைத்த மறுநாள் அவர் பேச வருவார். கொடுத்த விலை, பத்திரச் செலவு, அதற்குமேல் கொஞ்சம் லாபம் கொடுத்து மூன்று பங்காளிகளும் சேர்ந்து வாங்கிவிடுங்கள். பணம் புரளாது என்றால், பின்தெரு வாசலோடு மூன்றாங்கட்டை அவருக்குக் கொடுத்து, குறுக்கே சுவர் எழுப்பிப் பதிவுப் பத்திரம் போடுங்கள். முகப்பும் வளவும் சாமி அறையும் உங்களுக்கு நிற்கும். வெளியாள் சேர்ந்த பத்திரத்துக்குக் குடும்பச் சலுகை முத்திரைத் தீர்வை பொருந்தாது, செலவைக் கணக்கில் வையுங்கள்.

கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி: "நான்கு பங்காளிகள்" என்கிறீர்கள், உங்கள் அக்கா தங்கைகள் எங்கே? சீர் செய்துவிட்டோம் என்பது பதிலாகாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்கும் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் பிறகு, மூதாதையர் சொத்தில் மகளும் பிறப்பால் பங்குதாரர். அவர்கள் கையெழுத்து இல்லாத பத்திரம் வீண் செலவு. அவர்களிடம் அந்த விடுதிக்காரர் உங்களுக்கு முன்பே போய்விடவும் கூடும். முதலில் அவர்களுக்கு ஃபோன் செய்யுங்கள். மலேசியாவில் யாராவது இருந்தால், இந்தியத் தூதரகச் சான்றொப்பத்தோடு பவர் (அதிகாரப் பத்திரம்) அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.